இன்னும் ஒரு அடையாளம்

சபைப் பெண்கள் அவளை ஜெபக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது; அதை மின்கட்டண ரசீதில் மட்டும் பார்க்கலாம். முழங்கால் போட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கால் மரத்துப்போகும், அவளுக்கு அப்போதுதான் சூடு பிடிக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் காலையில், கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்த அரைகுறை ஜெபத்தில், ஆண்டவர் பளிச்சென்று ஒன்றைச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாத்தனாரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா.

நாத்தனார் படியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். தனிக்கட்டை. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில். கவனிக்க ஆள் உள்ள வீடு என்றால் அனுப்புவோம், இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஜெபக்காவின் வீடோ தரைத்தளம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஓர் அறை சும்மாதான் கிடந்தது.

ஆனால் அந்த மகளின் கல்யாணத்தில்தான், சம்பந்தி வீட்டார் காதுபட, "எங்க அண்ணன் சம்பாத்தியத்துல இவ மகாராணி மாதிரி ஆடுறா" என்று நாத்தனார் சொன்னாள். அண்ணன் பஸ் ஓட்டிக் கொண்டுவந்தது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. கல்யாணம் நடந்தது, சலவைக்கடையில் ஜெபக்கா நின்று நின்று தேய்த்த காசில். அன்றோடு பேச்சு நின்றது.

அவள் முடியாது என்று சொல்லவில்லை. ஆண்டவரிடம் எப்படி அப்படிச் சொல்வது? அடையாளம் கேட்டாள். "ஆண்டவரே, இது உம்முடைய சித்தமானால் இன்று கடைக்கு முதலில் வரும் துணி வெள்ளையாக இருக்கட்டும்."

ஹோட்டல்காரன் ஒரு மூட்டை படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து போட்டான். அத்தனையும் வெள்ளை. ஹோட்டல் துணி வேறு எந்த நிறத்தில் வரும், இதெல்லாம் சேர்த்தியா என்று அதைத் தள்ளிவிட்டாள். அடுத்ததாக மஞ்சள் கோட்டு கேட்டாள். மஞ்சளில் யார் கோட்டு போடப்போகிறார்கள் என்ற தைரியம்தான். வாரம் முடிவதற்குள், மேடையில் பாடப் போகிற ஒருவர் தன் கோட்டோடு வந்து நின்றார். ஜெபக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்த மஞ்சள் இல்லை, கொஞ்சம் பழுப்பு ஓடுகிறது என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு உபவாசம் இருந்தாள். "ஒரு காரியத்துல தேவ சித்தம் தெரியணும்" என்று சபைப் பெண்களையும் உபவாசம் இருக்க வைத்தாள். பாவம், என்ன காரியம் என்றுகூடத் தெரியாமல் அவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

புருஷன் தினமும் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்துவிட்டு வருவார். "நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன்" என்றார் ஒருமுறை.

"அதுக்குத்தான் ஜெபம் பண்ணிட்டிருக்கேன்ல."

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் பேச முடியாது.

ஒருநாள் போதகர் தேய்க்கக் கொடுத்த கோட்டை வாங்க வந்தார். சின்ன வயதுக்காரர், எப்போதும் பறந்துகொண்டிருப்பவர். ஜெபக்கா அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். ரொம்ப நாளாகப் போராடி ஜெபிக்கிறேன் என்றாள்.

"ஆண்டவர் என்னம்மா சொன்னார்?"

"கூட்டிட்டு வான்னார்."

"எப்போ சொன்னார்?"

"முதல் நாளே."

அவர் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டார். "அப்ப இத்தனை நாள் எதுக்காக ஜெபிச்சீங்க?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார், எங்கோ கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம். ஜெபக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுருக்கமே இல்லாத ஒரு சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அப்புறம் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி கூட வேலை செய்பவளிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

நாத்தனாரைக் கூட்டிப்போக வந்திருப்பதாகச் சொன்னதும் வார்டு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா? ஆபரேஷன் ஆன புதுசுல நடக்க வெச்சோம், நல்லாத்தான் நடந்தாங்க. அப்புறம் பக்கத்துலயே இருந்து நடக்க வைக்க எங்களுக்கு ஆள் பத்தல. படுத்தே கிடந்து கால் விட்டுப்போச்சு. இனிமே பழையபடி நடக்கறது கஷ்டம்தான்."

போர்வைக்கு வெளியே நாத்தனாரின் கால்கள் மெலிந்து கிடந்தன. கல்யாணத்தன்று மண்டபத்தில் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த கால்கள். அந்த வெள்ளை மூட்டை வந்த அன்றைக்கே வந்திருக்கலாம்.

"வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. "ஏன் இவ்வளவு நாள்?"

ஜெபம் பண்ணிட்டிருந்தேன். பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சபையிலும் வீட்டிலும் இத்தனை நாள் செல்லுபடியான பதில். ஜெபக்கா அதை விழுங்கினாள்.

"வர மனசில்ல" என்றாள்.

நாத்தனார் திரும்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"எனக்கும் அங்க வர மனசில்ல. உங்க வீடு மட்டும் வேணாம்னுதான் ஆண்டவர்கிட்ட மன்றாடிட்டே இருந்தேன்." போர்வையை விலக்கினாள். "அவர் கேக்கல. கையக் கொடுங்க."

ஜெபக்கா குனிந்து அவளை இரண்டு கைகளாலும் தாங்கித் தூக்கினாள். நாத்தனார் எடையே இல்லாமல் வந்தாள்.