கேட்பதற்கு உரிமம் வேண்டாம்

அத்தானோடு நான் பேசிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை. வானொலியில் மிகத் தாழ்ந்த ஒரு அலைவரிசை இருக்கிறது. எங்களைப் போல ஆசைக்காக ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு அதைப் பரிசோதனைக்கென்று திறந்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு நிலையம்தான் என்று விதி. அந்த ஒன்றை என் அக்கா புருஷன் தன் பெயரில் வாங்கிக்கொண்டார்.

மொட்டை மாடியில் ஏரியல் கட்டியது அவர் என்றால், பிளாஸ்டிக் டிரம்மில் நானூறு சுற்றுச் செம்புக் கம்பி சுற்றியது நான். விரல் கொப்பளித்தது எனக்கு, உரிமம் அவருக்கு. கேட்டால், "ரெண்டு பேர் பேரைப் போட்டா ஆபீஸ்ல குழம்பிடுவாங்கம்மா" என்றார். சரி என்று நானும் தனியாக மனுப் போட்டேன். அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்ததும் அவரேதான். இரண்டாவது நிலையம் வந்தால் தன் பரிசோதனைக்கு இடையூறாம்! அன்றைக்கு மூடிய வாயை நான் திறக்கவில்லை.

காதை மட்டும் மூடவில்லை. நான் பல்செட் செய்கிறவள். காலையில் பட்டறையைத் திறந்ததும் மூலையிலிருக்கும் ரிசீவரைப் போட்டுவிடுவேன். அனுப்பத்தான் உரிமம் வேண்டும், கேட்பதற்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஏழே காலுக்கு டாணென்று அத்தான் வருவார். இந்த அலைவரிசையில் பேச்செல்லாம் போகாது, மோர்ஸ் குறிதான், அதுவும் ஆமை வேகத்தில். ஒரு புள்ளிக்கு அரை நிமிடம், ஒரு கோட்டுக்கு ஒன்றரை நிமிடம். ஆளுக்கொரு அழைப்புக் குறி உண்டு, மொத்தமே ஆறு எழுத்து. அதை ஒருமுறை சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டர் திரையில், இரைச்சலுக்கு நடுவே, மெலிசான கோடாக விழும். யாரோ ஒருவருடைய மேல்தாடையைத் தேய்த்துக்கொண்டே நான் அதை நோட்டில் குறித்து வைப்பேன். அவரிடம் தப்பு கண்டுபிடிக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவருடைய உரிமத்தைப் புதுப்பிக்கும் நாளும் என் மனு விசாரணையும் ஒன்றாக வந்தன. அலுவலகம் நாலாவது மாடியில். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கையெழுத்து அத்தானுடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். தான் எழுதிய அட்டையைத் தாண்டி மூச்சிரைக்க ஏறி வந்ததைப் பார்த்தபோது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பின்னாலேயே பிளாஸ்க்கோடு அக்கா. "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

அதிகாரி முதலில் அத்தானின் கோப்பை எடுத்தார். "எல்லாம் கச்சிதமா இருக்கு சார். ஆனா உங்க சிக்னலை வேற வீட்ல யாராவது கேட்டதுக்கு ஆறு மாசப் பதிவு வேணுமே? அது எங்க?"

அத்தான் கோப்பைத் தன் பக்கம் இழுத்துத் தாள்களைப் புரட்டினார்.

"அது இல்லன்னா பரிசோதனையே நடக்கலன்னுதான் அர்த்தம். இன்னையோட ரத்து." என் பக்கம் திரும்பினார். "இடம் காலியாச்சுன்னா அடுத்தது மேடம் மனுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் திறமையைக் காட்டத்தான் நோட்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன். இப்போது அதை வெளியே எடுக்காமல் இருந்தாலே போதும், உரிமம் எனக்கு. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் எழுதிப் பாத்தேன் சார்," என்றார் அத்தான். எதையும் அழுத்திப் பேசுகிற மனிதர், அன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது. "தினமும் அனுப்பினேன். யார் காதுலயும் விழல போல."

எனக்கு வந்ததே கோபம். நோட்டை எடுத்து மேஜைமேல் தொப்பென்று போட்டேன்.

"யார் காதுலயும் விழலையா? அப்போ தினம் காலைல ஏழே காலுக்கு என் உயிரை வாங்கினது யாரு?"

பதினோரு மாதத்தில் நான் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அத்தான் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றித் தானே குடித்துவிட்டாள்.

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "இந்த நாள்ல சார் குறி இல்லையே. இது யாரோடது?"

கிழித்துவிடலாம் என்று பார்த்துக் கிழிக்காமல் விட்ட பக்கம் அது.

"என்னோடது" என்றேன். அன்றைக்கு அத்தான் தன் குறிக்குப் பதிலாக என் குறியை அனுப்பியிருந்தார்.

"மேடத்துக்கு இந்த அலைவரிசைல உரிமம் கிடையாது. அவங்களைக் கூப்பிடறது விதிக்குப் புறம்பாச்சே?"

"தெரியும் சார்," என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி. அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாத ஆள். "கூப்பிட்டுப் பாத்தேன். பதிலே வரல."

"எதுல பதில் சொல்றது அத்தான்? வாயைக் கட்டிப் போட்டதும் நீங்க, ஏன் பேசலன்னு கேக்கறதும் நீங்களா?"

"ஏழு கிலோமீட்டர்," என்றாள் அக்கா அதிகாரியிடம். "பஸ்ல இருபது நிமிஷம். போன்னு ஒண்ணும் இருக்கு சார், ரெண்டு வீட்லயும்."

அதிகாரி அந்தப் பக்கத்தை மெதுவாகப் புரட்டித் தள்ளினார். தும்மல் வந்ததால் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்றார். அவர் தும்மவே இல்லை. பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தார். ஊரில் ஒரு நேரத்தில் ஒரு நிலையம்தான் இயங்கலாம் என்று இருந்ததே தவிர, உரிமத்தில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நேரத்தைப் பிரித்துக்கொண்டு இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தான் கொடுத்த ஆட்சேபக் கடிதத்தை அத்தானே திரும்ப வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்மேலதான் தப்பும்மா" என்றார். உடனே, ஏழே கால் யாருக்கு என்று அங்கேயே சண்டை போட்டோம். ஒற்றைப்படை நாள் அவருக்கு, இரட்டைப்படை எனக்கு.

இரட்டைப்படை நாள் ஏழே காலுக்கு, என் மாடியில் கட்டிய புதுக் கம்பியில் முதல் புள்ளியை அனுப்பினேன். ஏழரைக்கு அக்காவிடமிருந்து போன்.

"என்னடி அனுப்பற? வேலைக்குப் போகாம கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சு கம்ப்யூட்டரையே பாத்துட்டு உக்காந்திருக்கார். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கு. ரெண்டு எழுத்துதான் வந்திருக்காம்."

"அவரைத்தான் கூப்பிடறேன்க்கா. இன்னும் நாலு எழுத்து இருக்கு. பதினோரு மாசம் நான் கேட்டேன்ல, அவரை அரை மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லு."