வெர்லின் ஹாகன் விழுந்த பக்கம்

வெர்லின் ஹாகனின் வலது கையை அவருடைய தம்பி ஆர்லன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இடது கை மகள் மேரனிடம் இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் நடுவே ஒட்டியிருந்த நீல டேப்பின் மேல் நின்றபடி அந்த எழுபது வயதுக்காரர், "ஒரு நிமிஷம் குடுங்கப்பா, ஒரே நிமிஷம்" என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆளுநர் பக்கம் வாண்ணே. உனக்குன்னு சேர் போட்டு வெச்சிருக்கேன்."

"சேருக்காக ஓட்டா சித்தப்பா? அப்பா, நீங்க இங்க வாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஜனாதிபதிக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் முடிவு செய்யும் நாளில் எங்கள் அமெரிக்க மாநிலமான அயோவாவில் சீட்டு, பெட்டி ஒன்றும் கிடையாது. பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். யாரையும் பிடிக்காதவர்கள் நடுவில் நிற்கலாம். ஆனால் நடுவில் ஆள் குறைந்தால் ஏதாவது ஒரு மூலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். அன்று போட்டியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஆளுநருக்கு நாற்பத்தொரு பேர். செனட்டர் அம்மாவுக்கும் நாற்பத்தொரு பேர். நடுவில் வெர்லின் மட்டும்.

அவர் யோசிக்காத மனிதர் அல்ல, அதுதான் வம்பு. ஒரு வருடமாக ஊருக்கு வந்த ஒவ்வொரு வேட்பாளரையும் தன் பன்றிக் கொட்டகைக்கு அழைத்துப்போய், பிறந்து மூன்று நாளான குட்டி ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்தார். ஆளுநர் அதைக் கோட்டில் படாமல் தள்ளிப் பிடித்தார், ஆனால் தாய்ப்பன்றிக்கு என்ன தீவனம் என்று அக்கறையாகக் கேட்டார். செனட்டர் அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், படம் எடுத்து முடிந்ததும் சட்டென்று இறக்கிவிட்டார். வெர்லினுக்கு இரண்டுமே குறையாகத் தெரிந்தது, இரண்டுமே நிறைவாகவும் தெரிந்தது.

மேரன் செனட்டர் அம்மாவுக்காக எட்டு மாதம் பனியில் வீடு வீடாகக் கதவு தட்டியவள். சொந்த அப்பாவின் கதவுதான் திறக்கவில்லை.

திடீரென்று கூடத்தின் மறுகோடியில் ஒரு சத்தம். ஆளுநர் ஆள் ஒருவன் யாரையோ திட்ட, செனட்டர் ஆள் பதாகைக் கம்பால் அவன் மூக்கில் ஒரு போடு போட்டான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் பளபளப்பான மரத்தரையில் சிதறியது. கூடமே அங்கே திரும்பியது. ஆர்லனும் கழுத்தைத் திருப்பினார், ஆனால் இழுப்பதை விடவில்லை.

"அப்பா, இப்பவாச்சும் முடிவு பண்ணுங்க."

"கொஞ்சம் பொறும்மா. யோசிக்கணும்."

மேரனுக்கு எங்கிருந்தோ வந்தது அந்த ஆத்திரம். "அம்மா ஆபரேஷனுக்கும் இதையேதான் சொன்னீங்க. நாலு மாசம் யோசிச்சீங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவ போய்ச் சேர்ந்துட்டா!"

வெர்லின் மகளைப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் பிடித்திருந்த அவருடைய இடது கையை உதறினாள். வெறுமனே விடவில்லை, வெறுப்போடு உதறினாள்.

ஆர்லனின் இழுப்புக்கு எதிர்ப்பில்லாமல் போயிற்று. இரண்டு பேரும் பின்னால் பறந்தார்கள். ஆர்லன் தரையில் விழுந்தார். வெர்லினின் பின்னந்தலை பார்வையாளர் இருக்கையின் இரும்பு விளிம்பில் மோதியது. அந்தச் சத்தத்தில்தான் சண்டை போட்டவர்கள்கூட நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், யாரோ கோட்டைக் கழற்றித் தலைக்கு அணை கொடுத்தார்கள், எல்லாம் செய்தார்கள். ஆனால் அதற்குள் ஒருவர், "எங்க பக்கம்தானே விழுந்திருக்கார்" என்றார். "தலைதான் அங்க, காலு ரெண்டும் இங்க இருக்கு" என்றார் இன்னொருவர். கூட்டத்துக்குத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதில் இதற்கு விதி இல்லை. சமநிலை வந்தால் பூவா தலையா போட வேண்டும் என்று மட்டும் இருந்தது. வெளியே ஆம்புலன்ஸ் சைரன் கேட்டபோது அவர் காசைச் சுண்டிவிட்டார். செனட்டர் அம்மா ஜெயித்தார். இரண்டு பேர் கைதட்டினார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம், கண் திறக்காமலே வெர்லின் இறந்துபோனார். ஆஸ்பத்திரி நடையில் பார்த்தவர்களிடமெல்லாம் ஆர்லன் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான்தான் இழுத்தேன். நான்தான்யா இழுத்தேன்." மேரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படியே நினைத்தாள். சித்தப்பா கண்ணைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அடக்கத்தன்று சர்ச்சில் ஆராதனை முடிந்து, பெட்டியை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கல்லறைக்குக் கிளம்புமுன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடித்தார்கள். மேரன் பன்றித்தொடைக்கறி வைத்த பன்களைத் தட்டில் எடுத்து வந்தாள். மூலையில் அவள் தம்பி கர்ட் ஆர்லனின் டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருந்தான். அவன் வெளியூரில் வேலை பார்ப்பவன், கூட்டத்துக்கு வராதவன், ஊரார் சொன்னதைக் கேட்டவன்.

"ஓட்டுக்காக எங்கப்பாவக் கொன்னுட்டு இங்க வந்து காப்பி குடிக்கறீங்களா?"

"ஆமாண்டா" என்றார் ஆர்லன். "அடி."

கர்ட் அடித்தான். முதல் குத்து இடது கண்ணில். இரண்டாவது வாயில் விழுந்து உதடு கிழிந்தது. காப்பிப் பாத்திரம் சரிந்து பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். போதகர் நடுவில் புகப் பார்த்து ஒரு முழங்கை வாங்கினார். ஆர்லன் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையையும் கால்சட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூன்றாவது குத்துக்கு முகத்தைக் காட்டினார்.

மேரன் தட்டைக் கீழே போட்டாள்.

"கர்ட், நிறுத்து! சித்தப்பா இல்ல. நான். நான்தான் அப்பா கைய உதறினேன். கோவத்துல. வேணும்னே."

கர்ட்டின் முஷ்டி அந்தரத்தில் நின்றது. ஆர்லன் ரத்தத்தைத் துப்பிவிட்டு மேரனைப் பார்த்தார்.

"அட லூசு, எதுக்கு வாயத் தொறந்த? இன்னும் ரெண்டு அடியோட முடிஞ்சிருக்கும்ல."

மேரனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு முதலிலிருந்தே தெரியும். மூன்று நாளாகத் தெரிந்தேதான் சுமந்திருக்கிறார்.

கர்ட் அக்காவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். அடித்துவிடுவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவன் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிச் சுவரில் வீசினான். சுவரின் பூச்சு உதிர்ந்தது.

"நீ எங்க வண்டியில வராத" என்றான். "பக்கத்துலயும் நிக்காத."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. மேரன் ஈரத்துணியால் சித்தப்பாவின் உதட்டைத் துடைத்து முடித்தபோது வாசலில் அவருடைய பழைய பிக்கப் மட்டும்தான் நின்றது.

"நான் ஓட்டட்டுமா சித்தப்பா?"

"நானே ஓட்டறேன். ஏறு."

இரண்டு பக்கமும் பனி மூடிய சோள வயல்.

"கடைசியா என்னமோ சொல்ல வந்தார்" என்றாள் மேரன். "நான் சொல்ல விடல."

"ம்."

"யார் பக்கம் போயிருப்பார்?"

ஆர்லன் யோசித்தார். "பன்னிக்குத் தீனி வைக்கணும்னு வீட்டுக்குப் போயிருப்பாரு."

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை. மாவட்டச் சாலை குறுக்கிடும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். ஓட்டுபவரின் ஜன்னல் பக்கம் இருந்த அவருடைய இடது கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. வலது பக்கத்தை அவரே பார்த்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் தெரியல" என்றார். "நீ பாத்துச் சொல்லு."

மேரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் மார்புக்கு முன்னால் எட்டி, சாலை மறையும் தூரம்வரை பார்த்தாள். மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.

"யாரும் வரல சித்தப்பா" என்றாள். "போலாம்."