அல்போன்ஸ் போட்ட சத்தம்

அறுபது தாண்டிய வயதில் அல்போன்ஸ் ராக் ஆல்பம் போடுகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஒருவழியாக இவன் குப்புற விழப்போகிறான் என்று நினைத்தேன்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அல்போன்ஸ் என் நண்பன். குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊரில், ஒரே மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து தொண்டை கிழித்தவர்கள் நாங்கள். இரண்டு பேருமே பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறவர்கள். அவன் பாட்டை வள்ளம் தள்ளும்போது பாடுவார்கள், கல்யாண வீட்டில் பாடுவார்கள், துபாயில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் பாடி அழுவார்கள். என் பாட்டை அடக்கத்துக்குப் பாடுவார்கள். யாருக்காகப் பாடினார்களோ அவர்களில் ஒருவர்கூட எழுந்து வந்து 'கொள்ளாம்' என்று சொன்னதில்லை.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பாட்டில் தாளம் தப்பாது. "அத விட்டா அதில வேற ஒண்ணும் இல்ல" என்பது என் மனைவி இசபெல்லின் விமர்சனம். அடுப்படியில் அவள் முணுமுணுப்பதும் அல்போன்சின் பாட்டைத்தான்.

ஆல்பத்தின் பெயர் 'கச்சான்'. மேற்கே இருந்து வந்து கடலைப் புரட்டிப் போடும் காற்றுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பொறியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டான். அவர்களில் லிஜின் என்பவன் கிதார். ஆரல்வாய்மொழிக்குப் போய்க் காற்றாலையின் அடியில் ரெக்கார்டரை வைத்து இறக்கைச் சத்தத்தைப் பிடித்து வந்தார்களாம். ஸ்டார்ட் ஆகாமல் இருமும் வள்ளத்து எஞ்சினை டிரம்ஸுக்கு அடியில் போட்டார்களாம். சில பாட்டுக்குப் பல்லவியே கிடையாதாம்.

"பாவம், நல்லாத்தான் இருந்தான்" என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். பொறாமையை நாலு பேர் நடுவே கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் அதற்கு 'பாவம்' என்றொரு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட வேண்டும். யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த நிலைமையில் அவனே ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

"ஏலே ஆன்ட்ரூஸ், திருவிழாவில வச்சு சிடிய வெளியிடுதோம். நீதான் வாழ்த்திப் பேசணும்."

"நான் எதுக்குடே? பெரிய ஆளு யாரையாவது கூப்பிடு."

"பெரிய ஆளுக்குப் பாட்டு தெரியாது மக்கா. உனக்குத் தெரியும்."

இதுதான் இவனிடம் எனக்குப் பிடிக்காதது. பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு வசதி செய்து கொடுக்க வேண்டாமா? கொஞ்சம் தலைக்கனமாவது வைத்திருக்கலாம். அதுவும் கிடையாது. இசபெல் கொடுத்த காப்பியைக் குடித்து, "இப்படி ஒரு காப்பி எனக்க வீட்டில கிடைக்காது" என்று அவளைச் சிரிக்க வைத்து, சிடியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

குறை பிடிப்பதற்காகத்தான் கேட்டேன். முதல் பாட்டிலேயே மனம் நிறைந்துவிட்டது. கிதார், தகரத்தைத் தார்ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. அதற்குமேல் எஞ்சின் இருமியது. காற்றாலை மூச்சு வாங்கியது. 'இந்த வயதிலும் இத்தனை சத்தம் போடும் துணிச்சலை வியக்கிறேன்' என்று மேடையில் பேச ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டேன். பார்க்க மாலை மாதிரி இருக்கும், கழுத்தில் விழுந்த பிறகுதான் குத்தும்.

அப்போது இரைச்சல் சட்டென்று நின்றது. அல்போன்சின் குரல் மட்டும் தனியாக வந்தது. ஊரே மயங்கிய அந்தப் பழைய தேன்குரல் இல்லை. உப்புக்காற்று அரித்துத் தின்ற குரல்.

கரை தெரியுது, கரை தெரியுது,
யாருக்க கரைன்னு தெரியல்ல.

அவ்வளவுதான். மறுபடியும் அதே இரண்டு வரி. எதுகை இல்லை, மோனை இல்லை. நானாக இருந்தால் 'யாருடைய' என்று திருத்தி, அதற்குப் பொருத்தமாக இன்னும் ஆறு வரி சேர்த்து, அங்கேயே அதை அடக்கம் செய்திருப்பேன்.

அணைத்தேன். மறுபடி போட்டேன்.

"என்ன, பிடிச்சுப்போச்சா?" என்றாள் இசபெல்.

"குறை பாக்குதேன்."

"காலையிலேருந்து ஒரே குறையத்தான் திரும்பத் திரும்பப் பாக்குதிய."

திருவிழா மாலையில் வெளியீடு. கடலுக்குள் சூரியன் முழுதாக இறங்கவில்லை. கோயில் முற்றம் நிறைய ஆள். மேடையில் பங்குச்சாமியார், கமிட்டிக்காரர்கள், அல்போன்ஸ், லிஜினும் கூட்டாளிகளும். வாழ்த்துரைக்காரனுக்கு நாற்காலி பத்தவில்லை. பெயர் சொல்லும்போது மேலே வந்தால் போதும் என்றார்கள். அதனால் இசபெல்லும் நானும் கீழே, மைக் செட் மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மைக் செட், குளச்சல் முகம்மது மீரானுடையது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழாவானாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் கம்பத்தில் கட்டியிருக்கும்.

சாமியார் சிடியை வெளியிட்டார். கைதட்டல். மீரான் முதல் பாட்டைப் போட்டான்.

நாலு கம்பத்துக் குழாயும் ஒன்றாகக் கரகரத்தன. மீரான் துள்ளி எழுந்தான். ஒயரை ஆட்டினான், ஆம்ப்ளிபயரைத் தட்டினான், முகம் வெளுத்து எல்லாவற்றையும் அணைத்தான். கூட்டத்தில் 'அப்பாடா' என்று ஒரு சிரிப்பு எழுந்தது. யாரோ கையும் தட்டினார்கள்.

மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஊர் பிடிக்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டது என்றுதான். லிஜின் கோபமாக எழுந்தான். அல்போன்ஸ் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். பிறகு தன் வேட்டி ஓரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மீரான் என் பக்கம் குனிந்தான்.

"சாரே, நீங்க பாட்டுக்காரரு, சொல்லுங்க. ஸ்பீக்கர் யூனிட்டு அடிச்சுப் போச்சா, சிடி கீறலா? நல்ல யூனிட்டாக்கும், இப்பம் வாங்குனது. பேசாம அண்ணனுக்க பழைய மாதா பாட்டு ஒண்ணப் போட்டுவிடட்டா? ஆளுவளுக்கும் சந்தோசமா இருக்கும்."

நான் பேசக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். பழைய பாட்டு வரும், கூட்டம் சேர்ந்து பாடும், சொந்த ஊரில் 'கச்சான்' கரகரப்போடு முடிந்துபோகும். அல்போன்ஸ் வாழ்நாள் முழுக்க மாதா பாட்டுக்காரனாகவே இருந்து சாவான். அதற்கு அடக்கப் பாட்டு நான் எழுதுவேன். கணக்குச் சரியாகத்தான் வந்தது.

ஆனால் ஊர் கேட்டது இரைச்சலை மட்டும்தான். இரைச்சல் நிற்கிற இடம் வரவே இல்லை. அந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டு நான் ஒருவன் மட்டும் வீட்டுக்குள் வெந்துகொண்டிருக்க, இத்தனை பேர் கடலை கொறித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதா? அதோடு, அவன் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. வேட்டியில் அப்படி ஒன்றும் இல்லை.

"கோளாறு ஒண்ணும் இல்ல மீரானே. பாட்டே அதுதான்."

"அல்லாவே! இதுவா?"

"இதுதான். முதல்லேருந்து போடு. சத்தத்தக் கூட்டு."

"கூட்டவா? யூனிட்டு போனா நீங்கதான் பொறுப்பு."

"நான்தான் பொறுப்பு. போடு."

மறுபடி கரகரத்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தன. "யாருக்க வள்ளம்டே ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி அது.

பிறகு இரைச்சல் நின்றது.

நாலு கம்பத்திலிருந்தும் அந்த அரித்த குரல் இறங்கியது. 'கரை தெரியுது.' கடலை கொறிப்பது நின்றது. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்த ஒருவன் அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது முறை 'யாருக்க கரைன்னு' வந்தபோது பின்வரிசையில் சிலர் கூடவே பாடினார்கள். அப்போதுதான் கேட்கிறார்கள், உடனே பாடுகிறார்கள்! என் பாட்டை வருஷக்கணக்காகப் பாடுகிறவர்கள் இன்னும் தாளைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள்.

பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

அல்போன்ஸ் மைக்கைப் பிடித்தான். "முதல்ல ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்" என்றான். நான் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். "நம்ம மீரானுக்கு. நிறுத்துனாலும் திரும்பத் தைரியமாப் போட்டாரு பாத்தியளா, அந்த மனசுக்கு." மீரான் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கூட்டத்துக்கு வணக்கம் போட்டான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பொறாமைப்பட எனக்கு இன்னொருவனும் கிடைத்தான்.

"நீங்க அவங்கிட்டச் சொன்னத நான் கேட்டேன்" என்றாள் இசபெல்.

"என்ன கேட்ட?"

"ஒண்ணும் இல்ல. பேசக் கூப்பிடுதாவ, போங்க."

மேடையேறினேன். மைக்கை எட்டுமுன் அல்போன்ஸ் என் கையைப் பிடித்துக் காதருகே குனிந்தான்.

"எப்படிடே இருந்து? நெசத்தச் சொல்லு."

"எரிச்சலா இருந்து."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தை மாதிரி மலர்ந்துவிட்டது. "அவ்வளவு நல்லா இருந்தா?" என்றான்.

கையை உருவிக்கொண்டேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. மைக் அவன் உயரத்துக்கு வைத்திருந்தது. நான் குதிகாலை உயர்த்தி நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன்.