ஆறாவது பூச்சிக்கு ஆட்டு முடி

கொடுக்க மாட்டேன், ஒரு முடிகூடக் கொடுக்க மாட்டேன், கேட்டது வால்ட்டர் சாப் ஆனால் என்ன, அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் லீவுத் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தால்தான் என்ன... தூண்டில் முள்ளை வைஸ் இடுக்கியில் கவ்வவிட்டு நூலை ஓட்டுகிறேன், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நெருக்கமாக, மோட்டார் காயில் சுற்றுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா, அதைப் பார்த்துத்தானே மனிதர் என்னைப் பிடித்தார். பூச்சி என்றால் மீனை ஏமாற்றும் பூச்சி, கம்பளி நூலில் உடம்பு, அதன்மேல் வெள்ளிச் சரிகை, கழுத்தில் கோழி இறகு, கடைசியில் முதுகோடு படுத்தாற்போல் முடியில் ஓர் இறக்கை. அமெரிக்காவில் அவர் ஊர் ஆற்றுக்குக் கோடையில் கடலிலிருந்து ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீனுக்காக ஆறு பூச்சி கேட்டார். நாளை விமானம் ஏறுகிறார், அதற்குள் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு லீவு, இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இந்த அபுதாபி கேம்ப்தான்.

ஐந்து முடிந்தது, இறக்கைக்கென்று அவர் கொண்டுவந்த அணில் வால் முடியும் தீர்ந்தது. நேற்று ஒர்க்‌ஷாப்பில் ஹெல்மெட்டைக் கழற்றினேன், கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது, பார்த்துவிட்டார். "கார்மேகம், தும்ஹாரா பால் அச்சா ஹை. பிளாக். தோடா கட், லாஸ்ட் ஃபிளை" என்றார், உன் முடி நல்ல கறுப்பு, கடைசிப் பூச்சிக்குக் கொஞ்சம் வெட்டிக் கொடு என்கிறார், கூட்டிப்போய்த் தன் மேஜைக் கண்ணாடியைத் தட்டி "சைன், கலாஸ்", கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறேன் என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன், அதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம் வருகிறது, ஏன் சிரித்தேன்? இது எங்கள் குலசாமி கருப்பருக்கு நேர்ந்துகொண்ட முடி என்று அப்போதே சொல்ல என்ன கேடு? எழுபத்து நாலில், என் பெண்டாட்டி பூவாயிக்கு மூன்றாம் நாளும் பிரசவமாகவில்லை என்று தந்தி வந்தபோது, இதே ரூமில் நின்று, தாயும் பிள்ளையும் பிழைத்தால் நானே வந்து முடி இறக்குகிறேன், அதுவரை கத்தி படாது என்று வாய்விட்டுச் சொன்னேன். லீவுக்கு மூன்று மாதம்தான் இருந்தது அப்போது... கான்ட்ராக்டை நீட்டிவிட்டார்கள், மூன்று மாதம் இரண்டு வருஷமானது, மகள் ஓடியாடுகிறாளாம். ரூம்காரர்கள் கேலி செய்தார்கள், ஃபோர்மேன் மெஷினில் சிக்கும் என்று மிரட்டினார், ஹெல்மெட்டுக்குள் சுருட்டி, வேர்த்து, நாறி, அரித்து, அத்தனைக்கும் தலைகொடுத்துக் காத்ததை இப்போது ஒரு மீனுக்கா வெட்டுவேன்?

மெஸ் சமையல்காரர் கௌஸ் முகைதீன் பாய் காலையில் அறுத்த கறுப்பு ஆட்டின் தோலிலிருந்து ஒரு பிடி முடி தந்தார். அடிப் பஞ்சைச் சீவி எடுத்து, நுனிகளைச் சமமாக்கி, முள்ளின் முதுகில் வைத்து இறுக்குகிறேன், கொஞ்சம் தளர்ந்தாலும் இறக்கை புரண்டுவிடும்... மிச்சத்தை நறுக்கி, தலையைச் சுற்றி, காயிலுக்கு அடிக்கும் வார்னிஷில் ஒரு சொட்டு. மற்ற ஐந்தையும்விட நன்றாக வந்திருக்கிறது. என் முடி என்றே சாப் நம்புவார். நம்பட்டுமா? நம்பிக் கையெழுத்துப் போட்டால் சாமி முடியை விற்று லீவு வாங்கியவன் ஆகமாட்டேனா? முடியாது, ஆட்டு முடி சாப், என் முடி மாஃபி, கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்வேன், தாளைக் கிழித்துப் போடட்டும். ஆற்றில் ஏறும்போது அந்த மீனுக்கு அவ்வளவாகப் பசியே இருக்காதாம், கோபத்தில்தான் கடிக்குமாம், சாப் சொல்வார், பார்க்காமலே எனக்கு அந்த மீனைப் பிடித்துப்போயிற்று.

பாய் டீயோடு உள்ளே வந்தார். "இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? ஒன் பேப்பர்ல சாப் நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டுட்டாராம்ல. ஆபீஸ் கிளார்க்கு செய்கு முகம்மது இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

"முடி குடுக்கிறதுக்கு முன்னாடியேவா, பாய்?"

"அடப் போப்பா, அது தமாசுக்குக் கேட்டது. அவருக்கு ஞாபகம்கூட இருக்காது."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். லீவு கிடைத்துவிட்டது, மகளைப் பார்க்கப்போகிறேன், சந்தோஷம் வரவேண்டும், வருகிறது, கண்கூடக் கலங்குகிறது, ஆனால் இந்த ஆத்திரம் மட்டும் இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறது... இருக்கட்டும், கையெழுத்துப் போட்டால் போட்டுக்கொள்ளட்டும், நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன், இது என் முடி இல்லை சாப், கொடுக்க மாட்டேன் சாப் என்று நிமிர்ந்து நின்று சொல்லத்தான் போகிறேன், ஆனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்த முடி என்று கேட்டுவிட்டால்?