கதவுக்கு வெளியே மெட்டி

“ஊசி தேடுற மெஷினு இரும்பைத்தான மேடம் பிடிக்கும்? இது வெள்ளியில்லா?”

“எனக்கும் தெரியுங்கக்கா. ஆனா எந்த மெட்டலும் உள்ள போகக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்குதுங்க. மத்தியானம் துணி வாங்குற பையரோட ஆளு வர்றாரு. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

தேஜஸ்ரீ குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தவும் தெம்பில்லை. பனியன் கம்பெனியின் பேக்கிங் அறை வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற பெண்களின் நகைகளையும் போன்களையும் வாங்கி வைப்பது அந்த சூப்பர்வைசரின் காலை வேலை. குழந்தைத் துணிக்குள் ஓர் ஊசிமுனைகூடப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் வந்த ஏற்பாடு. டப்பாவில் கொலுசுகளும் மோதிரங்களும் பெயர் எழுதிய கவர்களில் கிடந்தன. கொலுசு கழற்றிய கால்கள் சத்தமில்லாமல் உள்ளே போகும்போது, தூங்குகிற யாரையோ எழுப்பாமல் எல்லோரும் ஊரைவிட்டுப் போவதுபோல அவளுக்குத் தோன்றும். இன்று அப்படி நினைக்கவும் அலுப்பாக இருந்தது.

செல்லத்தாய் மெட்டியைக் கழற்றவும் இல்லை, நகரவும் இல்லை. பின்னால் நின்ற ரோஸ்மேரி எட்டிப் பார்த்தாள்.

“உள்ள மடிக்கிற பனியன்ல வெள்ளி இருக்கலாமாம். எங்கக்கா கால்விரல்ல மட்டும் இருக்கக் கூடாதாக்கும்! ஏக்கா, வழிய விடு. நான் சோப்பு போட்டு மோதிரத்த உருவிட்டு வந்து நிக்கேன்.”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரோஸ்மேரி சொன்னதில் பொய் இல்லை. வேர்வை நாறாமல் இருக்க, அந்தத் துணியில் கண்ணுக்குத் தெரியாத அளவு வெள்ளி ஏற்றியிருந்தார்கள்.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. போன வாரம் சாயப்பட்டறையில் நீராவிக் குழாய் வெடித்து, அவள் கணவன் பெரியகருப்பன் நெஞ்சும் கைகளும் வெந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய தம்பி துணைக்கு இருந்தான்.

“அவுக நெஞ்செல்லாம் வெள்ளையா மருந்து பூசியிருக்காக மேடம். வெள்ளி கலந்த மருந்துன்னு நர்சம்மா சொல்லுது. அங்க அவுக மேல வெள்ளியப் பூசுறாக. இங்க அவுக போட்டுவிட்ட வெள்ளிய நான் கழத்தணுமா? கழத்துற நேரத்துல ஏதாச்சும் ஆயிட்டா? என்னைத் தையலுக்கு அனுப்பிருங்க.”

“நூல் வராம தையல் லைன் நின்னு போச்சுங்கக்கா. இன்னைக்கு பேக்கிங் மட்டுந்தானுங்க. வேண்டாம்னா ஊட்டுக்குப் போங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க.”

“வீட்டுக்குப் போயிட்டா நாளைக்கு ஆஸ்பத்திரி பஸ் காசுக்கு என்ன செய்வேன்?”

தேஜஸ்ரீ புதுக் கவர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

செல்லத்தாய் தரையில் உட்கார்ந்தாள். நின்று நின்று வீங்கிய விரல்களில் மெட்டி இறுகியிருந்தது. தேஜஸ்ரீ சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, தானே குனிந்து மெதுவாகத் திருகினாள். ஒன்று வந்தது. மற்றொன்று தோலை உரித்துக்கொண்டு வந்தது. மெட்டி இருந்த இடம் வெளுத்து, வேறு யாருடைய விரலோ போலத் தெரிந்தது. செல்லத்தாய் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தேஜஸ்ரீ கவரில் பெயர் எழுதினாள். ரோஸ்மேரி மோதிரத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். செல்லத்தாய் மட்டும் வாசற்படியிலேயே நின்றாள். அவளுடைய போன் ஏற்கெனவே டப்பாவுக்குள் இருந்தது. அவள் மேசைமேல் இருந்த ஆபீஸ் போனைப் பார்த்தாள். இப்போது மேடம் என்று கூப்பிடவில்லை.

“தாயி, அந்தப் போன்ல என் கொழுந்தனுக்கு ஒரு தரம் போடேன். அவுக மூச்சு விடுறாகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு தாயி.”