தப்பில்லாத சக்கரம்

மணப்பாறை முறுக்குக்கு இரக்கமே கிடையாது. தேவதர்ஷினி ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், அதன் எண்ணெய், பொட்டலத்தைத் தாண்டி, மெல்லிய தாளைத் தாண்டி, அடியில் இருந்த படத்தில் தண்ணீர்ச் சக்கரத்தின் நட்டநடுவில் இறங்கியிருந்தது.

விருந்தாளிகளுக்கென்று வாங்கிய முறுக்கு. கரண்ட் போன இருட்டில் மேஜை மேல் வைத்தவளும் அவள்தான்.

வைத்தது சாதாரணப் படத்தின் மேல் இல்லை. ஆற்றுத் தண்ணீரால் சக்கரம் சுற்றி மாவு அரைக்கும் மில்லை யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் மசியிலும் வண்ணத்திலும் வரைந்த படம். எப்படியும் இருநூறு வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அவள் வேலை பார்த்த சின்னக் கலைக்கூடத்தில் நாளை மாலை பழைய இயந்திரப் படங்களின் கண்காட்சி. நீராவி பம்பு, நூற்பு இயந்திரம், இரும்பு அடிக்கும் சம்மட்டி என்று சுவர் நிறையப் படங்கள். நடுநாயகம் இந்த மில்.

எண்ணெயை உறிஞ்சட்டும் என்று, பதற்றத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டினாள். ஈரத்துணியால் துடைத்தாள். மசி கரைந்து கரியாகி, தாளில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகுதான் துடைத்திருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

படத்தின் சொந்தக்காரர் வீரமலை. உறையூரில் அரிசி மில் வைத்திருப்பவர். கலைக்கூடத்தின் தலைவரும் அவரே. விழா நல்லபடியாக முடிந்தால் தேவதர்ஷினியின் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடப் போகிறவரும் அவரே. காலையில்தான் போனில் கூப்பிட்டிருந்தார்.

"பாப்பா, என் மில்லு படத்தை நடுவுல மாட்டு. நாளைக்கு அதை வெச்சு ஒரு வெடி வெடிக்கப் போறேன். என்னன்னு இப்பக் கேக்காத."

இந்த வெடி முந்திக்கொண்டதை அவரிடம் யார் சொல்வது?

தேவதர்ஷினி ஆட்டோ பிடித்தாள். காவிரிப் பாலம் கடந்து பாலக்கரை. அங்கே மாடியில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் மஹ்ஜபீன், பாலிடெக்னிக்கில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஓட்டல் சுவர்களுக்காகப் பழைய கப்பல், பழைய ரயில் இன்ஜின் என்று வரைந்து, டிகாக்‌ஷனில் நனைத்துக் காயவைத்துக் கொடுப்பது அவளுடைய உபதொழில்.

"நான் பழசுன்னு சொல்லி வித்ததே இல்லடீ. வாங்குறவங்களே சொல்லிக்கிறாங்க" என்பாள்.

ஓட்டையைப் பார்த்ததும் மஹ்ஜபீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லாவே! எலியா?"

"முறுக்கு."

"முறுக்கு கடிச்சுதா?"

"சிரிக்காதடீ, என் பொழப்பே போகப் போவுது. கெடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ போன்ல இருக்கு. அப்படியே வரைஞ்சு குடு. ஒரு கோடு மாறக் கூடாது."

"என்கிட்ட வந்து கோட்டைப் பத்திப் பேசுறியா? போ, நாளைக்கு மத்தியானம் வா."

மறுநாள் மத்தியானம் படத்தைப் பார்த்த தேவதர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. அதே மங்கல், அதே மடிப்பு, மூலையில் அதே பூச்சி அரித்த தடம். சட்டத்தில் மாட்டியபோது அவளாலேயே சந்தேகப்பட முடியவில்லை.

மாலை. கூடம் நிறைந்துவிட்டது. பட்டு வேட்டி, கையில் சுட்டிக்காட்ட ஒரு குச்சி என்று வீரமலை மைக்கின் முன்னால் நின்றார்.

"வெள்ளைக்காரன்னா தப்பே பண்ண மாட்டான்னு நினைக்கிறோம். இதோ இந்தப் படத்துல ஒரு மகா தப்பு இருக்கு. பெரிய பெரிய படிப்பாளிங்க பார்த்த படம். ஒருத்தர் கண்ணுலயும் படல. கடைசியில யார் கண்ணுல பட்டுச்சு? ஒரு அரிசி மில்லுக்காரன் கண்ணுல!"

முன்வரிசையில் அவருடைய நண்பர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அவர் இந்தத் தப்பைக் காட்டியிருக்கிறார். அவர்களும் காபி வரும்வரை இப்படித்தான் தலையாட்டியிருக்கிறார்கள்.

தேவதர்ஷினியின் பக்கத்தில் நின்றிருந்த மஹ்ஜபீன் முழங்கையால் இடித்தாள். "ஏய், அந்தத் தப்பா? அதை நான் சரி பண்ணிட்டேனே."

"என்னது?"

"மூணு பல்சக்கரம், மூணும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு முக்கோணமா இருந்துச்சு. ஒண்ணு வலது பக்கம் சுத்தினா அடுத்தது இடது பக்கம். மூணாவது பாவம், எந்தப் பக்கம் சுத்தும்? மொத்தமும் இறுகி நின்னுரும். ஒண்ணை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சேன். இப்ப ஜோரா சுத்தும்." அவள் முகத்தில் அத்தனை பெருமை.

"ஒரு கோடு மாறக் கூடாதுன்னு சொன்னேனேடீ, பாவி!"

"தப்பைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?"

குச்சி படத்தை நோக்கிப் போனது. சக்கரங்களுக்கு வந்தது. நின்றது. கொஞ்சம் இடது பக்கம் போனது. திரும்பி வந்தது. வீரமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கூடத்தில் ஒருவர் இருமினார்.

இன்னும் ஒரு நொடி விட்டால் எல்லாம் முடிந்தது. தேவதர்ஷினி பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"அய்யாவே சொல்லிட்டா என்ன சுவாரஸ்யம்? அந்தத் தப்பை நீங்களே கண்டுபிடிங்க! கண்டுபிடிக்கிறவங்களுக்கு அய்யா கையால பரிசு!"

கூட்டம் படத்தின் மேல் கவிழ்ந்தது. தண்ணீர் மேட்டில் ஏறுகிறது என்றார் ஒரு அம்மா. கூரையில் ஓடு குறைகிறது என்றார் இன்னொருவர். அப்போது சிவசங்கர் முன்னால் வந்தார். ரிட்டயர்டு இன்ஜினீயர். இன்றைய சிறப்பு விருந்தினர். மூக்கு படத்தில் படும்வரை குனிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"சக்கரத்துக்கு பிரேக் எங்கே? ஆத்துல வெள்ளம் வந்தா எப்படி நிறுத்துவான்? அதானே தப்பு?"

வீரமலை ஒரே ஒரு கணம்தான் யோசித்தார்.

"சபாஷ்! அதேதான்! இதைத்தான் நான் வருஷக்கணக்கா கத்திக்கிட்டிருக்கேன்!"

"ஆமா ஆமா, பிரேக்குதான் சொல்லுவாரு" என்றார்கள் முன்வரிசை நண்பர்கள். கைத்தட்டல். பேப்பர்காரர் கிளிக்கினார். படம், குச்சி, வீரமலை, மூன்றும் ஒரே சட்டகத்தில்.

கூட்டம் டீ குடிக்கப் போனதும், வீரமலை அவளைப் பின்னறைக்கு வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"அசல் எங்க?"

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்ன இது?"

"முறுக்குங்கய்யா. எண்ணெய் இறங்கிடுச்சு. துடைச்சேன்."

அவர் விரலை எடுத்து மோந்து பார்த்தார்.

"மணப்பாறையா?"

"ஆமாங்கய்யா."

"அதான். எண்ணெய் அந்த ஆட்டம் போடும்." சொல்லிவிட்டுத்தான் கோபம் ஞாபகம் வந்தது. "உன்னை இப்பவே வீட்டுக்கு அனுப்புறேன் பாரு!"

"அனுப்புங்கய்யா, தப்பு என்னோடதுதான். ஆனா நாளைக்கு பேப்பர்ல உங்க போட்டோ வருது. ஏன் அனுப்புனீங்கன்னு கேப்பாங்க. பாலக்கரையில வரைஞ்ச காப்பிக்கு முன்னாடி நின்னு வெள்ளைக்காரனைக் கிழிச்சீங்கன்னு..."

வீரமலை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையிலிருந்த முறுக்கை எடுத்து ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"படம் போனா போவுது. வீட்டுக்கு வர்றவன்கிட்ட நான் எதைக் காட்டிப் பேசுவேன்? பிரேக்கையா? சுத்துற மில்லை வெச்சு ஒரு மனுஷன் என்னத்தப் பேசுறது? கண்காட்சி முடிஞ்சு படம் வீட்டுக்கு வரும்போது என் தப்பு அதுல இருக்கணும். பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

மறுநாள் காலை பாலக்கரை மாடியில் மஹ்ஜபீன் ஒரேயடியாக மறுத்தாள்.

"பேப்பரைப் பழசாக்கணுமா, ஆக்குறேன். பூச்சி அரிக்கணுமா, நானே அரிச்சுத் தரேன். ஆனா சுத்தாத சக்கரத்தைத் தெரிஞ்சே வரையச் சொல்லாத. அது என்னால ஆகாது."

"அப்ப நானே வரைஞ்சுக்கிறேன்." தேவதர்ஷினி வெற்றுத்தாளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மஹ்ஜபீன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முடியவில்லை. எட்டிப் பார்த்தாள்.

"இது சக்கரமா, தோசையா? பல்லெல்லாம் ஏன்டீ ஆளுக்கொரு சைசுல இருக்கு?"

"தப்பாத்தானே வேணும்?"

"தப்புன்னா இப்படியா? தப்புக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா? எழுந்திரு!"

காம்பஸைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். புதுத்தாளில் முதல் சக்கரம் வந்தது, பல்லுக்குப் பல் அளவாக. இரண்டாவது அதைக் கச்சிதமாகக் கடித்தது. மூன்றாவதற்கு முள்ளை ஊன்றிவிட்டு, கை நகராமல் அப்படியே இருந்தாள்.

"தர்ஷினி, இங்க ஒரு மயிரிழை இடம் விட்டா அந்த ஆளுக்குத் தெரியவா போவுது?"

"மஹ்ஜபீன்!"

"சரி சரி, கத்தாத" என்று முனகிக்கொண்டே, முகத்தைச் சுளித்துக்கொண்டு, இடைவெளி விடாமல் வட்டத்தை இழுத்தாள்.