நான்காம் விதிக்கு ஒரு திருத்தம்

கொடுக்கும்போது அது ஒரு சனியனாகத்தான் இருந்தது. மூன்று காலில் நின்றது. நாலாவது காலுக்குக் கீழே மடித்த காகித மட்டைத் துண்டு. கண்ணாடிக் கதவைத் திறந்தால் திரும்ப மூட மனமில்லாமல் தொங்கும். உடம்பு முழுக்கத் தடித்த சொக்லட் நிறப் பெயின்ட். வட்ஸ்அப் குழுவில் போடுவதற்காகப் படம் எடுத்த அன்று, கண்ணாடியில் தன் முகம் விழாதபடி பக்கவாட்டில் நின்றுதான் பத்மாதேவி எடுத்தார். அந்த அலுமாரியோடு சேர்ந்து காணப்படுவதில் அவருக்கு விருப்பமில்லை.

இப்போது அதே அலுமாரி மஸீனா வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டு பத்மாதேவியின் போனுக்குள்ளிருந்து பளபளத்தது. பெயின்ட்டைக் காணோம். அதற்குக் கீழே இத்தனை காலமும் பலாமரம் இருந்திருக்கிறது. தேனை ஊற்றித் துடைத்த மாதிரி நிறம். புதுப் பித்தளைக் கைப்பிடிகள். கண்ணாடிக்குள்ளே பொன்விளிம்புக் கோப்பைகள். படத்துக்குக் கீழே இதயங்கள் ஆலங்கட்டி மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோ."

கணவர் விவேகானந்தன் சாய்கதிரையிலிருந்து எழும்பாமலே கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "நல்ல வடிவாயிருக்கு. ஆர் வாங்கினது?"

"ஒருத்தரும் வாங்கேல்லை. இது எங்கட அலுமாரி."

"எங்கடையோ? எங்கட இப்பிடி இருக்கேல்லையே."

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

"கந்தோர் அலுமாரி மாதிரி ஒரு கம்பீரம் வேணும் எண்டு நீர்தானே பெயின்ட் அடிப்பிச்சனீர்" என்றுவிட்டு, அதற்குமேல் உண்மை பேசுவது உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தவராகக் கண்களை மூடிக்கொண்டார்.

குழுவின் பெயர் 'குண்டசாலைக் கைமாற்று வட்டம்'. நிறுவுநர் பத்மாதேவி. கல்வித் திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பணிப்பதற்கு வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். அந்த ஆளையும் ஏற்கெனவே முழுதாகப் பணித்து முடித்தாயிற்று. ஆகவே அவர் ஊருக்குச் சேவை செய்யத் தொடங்கினார். வேண்டாத சாமானைப் படம் பிடித்துப் போட வேண்டும். விரும்புகிறவர்கள் கை உயர்த்தும் சின்னத்தை இட வேண்டும். யாருக்கு என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்வார். இந்த எளிய காரியத்துக்கு அவர் சுற்றறிக்கைத் தமிழில் ஐந்து விதிகள் எழுதியிருந்தார். நான்காம் விதி, கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாகாது என்றது. ஐந்தாம் விதிப்படி, வாங்கியவர் அந்தப் பொருளைத் தன் வீட்டில் வைத்துப் படமெடுத்து நன்றியோடு குழுவில் போட வேண்டும். ஐந்தாவதில்தான் பத்மாதேவிக்குப் பிரியம் அதிகம். நன்றி வரும் ஒவ்வொரு தடவையும் கீழே 'மகிழ்ச்சி' என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பார்.

அலுமாரிக்கு இரண்டே கைகள்தான் உயர்ந்தன. ஒன்று டொக்டரின் மனைவி பிரேமிளாவுடையது. இருக்கிறவர்களுக்குக் கொடுத்து என்ன புண்ணியம்? மற்றது தெரு வளைவு வீட்டில் கேக் செய்து விற்கிற மஸீனாவுடையது. உருக்கமாக நன்றி சொல்லக்கூடிய முகம் மஸீனாவுக்குத்தான் என்று பத்மாதேவி தீர்மானித்தார். "பழசெண்டு பாக்காதேங்கோ மஸீனா, இல்லாத இடத்தில இது பெரிய உதவிதானே" என்று குரல்பதிவும் அனுப்பினார், எல்லோருக்கும் கேட்கும்படி குழுவிலேயே.

மஸீனா இப்போது உருக்கமாகத்தான் நன்றி சொல்லியிருந்தாள். 'எங்கட பத்மாதேவி மெடம் தந்த அலுமாரி. அல்லாஹ் அவங்களுக்கு நல்ல சுகத்தக் குடுக்கோணும்.' அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் மஸீனாவின் கையை மெச்சினார்கள். பிரேமிளா மட்டும் பத்மாதேவியின் பெயரைச் சொல்லி எழுதியிருந்தார்: 'மெடம், இத கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு!'

பத்மாதேவி 'மகிழ்ச்சி' என்று எழுதினார். முற்றுப்புள்ளி வைக்க மறந்துபோனார்.

அடுத்த நாள் பின்னேரம் அவருக்கு நடைப்பயிற்சியில் திடீர் நம்பிக்கை பிறந்து, கால்கள் வளைவு வீட்டுப் பக்கமாகப் போயின.

"வாங்கோ வாங்கோ மெடம். இரிங்கோ. நம்ம வீட்டுக்கெல்லாம் வந்தீக்கிறீங்க!"

நேரில் அது படத்தைவிட மோசமாக இருந்தது. அதாவது, படத்தைவிட அழகாக. யன்னல் வெயில் அதன் தோளில் விழுந்து உள்ளே இறங்கியிருந்தது. பத்மாதேவி பாடசாலைக்குப் பரிசோதனைக்குப் போகிறவர் மாதிரி அதைச் சுற்றி வந்தார். குற்றம் பிடிப்பதிலேயே சம்பளம் வாங்கியவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"கால் ஆடேல்லையோ?"

"இல்ல மெடம். இவரு ஒரு துண்டு வெட்டி ஒட்டிட்டாரு." இவர் என்பது மஸீனாவின் கணவன் நஸீப்.

"கதவு?"

"இப்ப விரலால தொட்டாலே மூடுது. பாருங்கோ." மூடியது. பணக்கார வீட்டுக் கதவு மூடுகிற மாதிரி, சத்தமில்லாமல். "ஆனா மெடம், பெயின்ட்தான் எங்கள கொன்னுட்டுது. சுரண்டச் சுரண்ட வந்துகிட்டே ஈந்திச்சு. யாரு மெடம் இவ்வளவு தடிப்பா அடிச்ச? அந்த மரத்தோட ஏதோ கோவம் ஈந்த ஆள் மாதிரி."

"பழைய ஆக்கள்" என்றார் பத்மாதேவி.

"என்ன ரசனையோ! உள்ள தங்கம் மாதிரி பலா. வாற ஆக்கள் எல்லாரும் தடவித் தடவிப் பாத்துட்டுத்தான் கேக்குக்கே ஓடர் குடுக்குறாங்க."

தேத்தண்ணீரோடு கேக் வந்தது. பத்மாதேவி அதிலாவது ஒரு குறை இருக்கும் என்று நம்பிக் கடித்தார். கேக்கும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஹோலின் சுவரில் அலுமாரி நின்ற இடம் மட்டும் வெயில் படாத வெளிர் நிறத்தில் நீளமாகக் கிடந்தது. கொடுத்த அன்று 'அப்பாடா, இடம் கிடைச்சுது' என்று மூச்சு விட்டவர், இப்போது அந்த இடம் தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதாக உணர்ந்தார். குளிக்கும்போது அலுமாரி. சாமி கும்பிடும்போது அலுமாரி. தான் கொடுத்திராவிட்டால் மஸீனாவுக்கு அந்தத் திறமை இருப்பதே வெளியில் தெரிந்திராது. ஆகவே அந்தத் திறமையிலும் தனக்கொரு பங்கு உண்டு. ஆகவே அலுமாரியில் முழுப் பங்கும் உண்டு. திணைக்களத்தில் இதைவிட மெலிந்த நியாயங்களை வைத்து அவர் ஆட்களை இடம் மாற்றியிருக்கிறார்.

குறுக்கே நின்றது நான்காம் விதி ஒன்றுதான். மற்றவர்கள் எழுதிய விதி என்றால் மீறலாம். தானே எழுதியதை மீறுவது அழகல்ல. திருத்தலாம்.

'உறுப்பினர்களின் நலன் கருதி நான்காம் விதி பின்வருமாறு திருத்தப்படுகின்றது. கொடுத்த பொருளின் மீது பின்னர் உணர்வுபூர்வமான பிணைப்பு ஏற்படுமிடத்து, கொடுத்தவர் அதனை மீளப் பெற்றுக்கொள்ளலாம். பெற்றவர் அப்பொருளை, பெற்ற நிலையிலேயே, எவ்வித மாற்றமுமின்றி ஒப்படைத்தல் வேண்டும்.'

கடைசி வாக்கியம் யோசித்து எழுதியதல்ல. திணைக்களக் கந்தோர்ச் சாமானை இரவல் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அவர் போட்டுவந்த வாக்கியம். சேவைக்காலம் முழுவதும் எழுதிய விரல்கள் தாமாகவே தட்டிவிட்டன. வாசித்துப் பார்த்தார், கம்பீரமாக இருந்தது. அனுப்பினார். முதல் வரிக்கு அப்பால் யாரும் போகாததால் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிச் சம்மதித்தார்கள்.

மரியாதைக்குச் சில நாட்கள் பொறுத்திருந்துவிட்டு, மஸீனாவுக்குத் தனியாக எழுதினார். அந்த அலுமாரியோடு தனக்கு உணர்வுபூர்வமான பிணைப்பு ஏற்பட்டிருப்பதாக.

பதில் உடனே வரவில்லை. மஸீனா எழுதுவதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்தது. கடைசியில் வந்தது: 'சரி மெடம். விதி விதிதானே. குடுத்த மாதிரியே தரோணும் எண்டு போட்டீக்கிறீங்க. கொஞ்சம் டைம் தாங்கோ.'

"என்ன நல்ல பிள்ளை" என்றார் பத்மாதேவி. பொறாமை தீர்ந்துவிட்டால் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாகத் தெரிகிறார்கள்!

விவேகானந்தன் சாய்கதிரையிலிருந்து, "அந்தப் பிள்ளை ரெண்டு கிழமை சுரண்டினதாமே" என்றார்.

"மரம் ஆரின்ரை?"

"மரம் பலாவின்ரை."

வெள்ளிக்கிழமை சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மக்கீன் வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றியபடியே, "மெடம், எனக்கும் அந்தப் பிணைப்பு ஏற்பட்டுட்டுது" என்றார்.

"எதிலை?"

மக்கீன் சங்கடத்தோடு விவேகானந்தனைப் பார்த்தார். இன்னும் சரியாகச் சொன்னால், விவேகானந்தனுக்குக் கீழே பார்த்தார். "போன வருஷம் நான் குழுவுல போட்ட கதிரை, சேர். வாப்பா தினமும் கேட்டுக் கேட்டு ஈக்கிறாரு. சேர் ஒருக்கா எழும்பினா…"

விவேகானந்தன் எழும்பினார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் இவ்வளவு சோகமாக எழும்பியதில்லை. "கொண்டு போங்கோ மக்கீன். எவ்வித மாற்றமும் செய்யேல்லை. கொஞ்சம் பள்ளம் விழுந்திருக்கு. அது நான்தான்."

கதிரையைத் தூக்கிக்கொண்டே மக்கீன் சொன்னார்: "நம்ம மஸீனா நேத்து கடைக்கு வந்து சொக்லட் கலர் பெயின்ட் கேட்டா, மெடம். இந்தக் காலத்துல யாரு அத வாங்குற? ஸ்டோர்ல அடியில கெடந்தத தேடி எடுத்துக் குடுத்தேன். நல்லாத் தடிப்பா அடிக்கோணுமாம்."

பத்மாதேவிக்கு நெஞ்சுக்குள் பழைய முள் திரும்பக் குத்தியது. அலுமாரி வீட்டைவிட்டு வெளிக்கிட முன்னமே இவள் அடுத்ததைத் தொடங்கிவிட்டாளா? கேற்றுக்கா? யன்னலுக்கா? சொக்லட் நிறம்தான் இனி நாகரிகமோ? தன்னிடம் இருந்தபோது யாரும் மெச்சாத நிறத்தை நாளைக்கு மஸீனா அடித்தால் ஊரே மெச்சும். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை சின்ன லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. பூப்போட்ட படுக்கைச் சீலையால் போர்த்தியபடி அலுமாரி. பத்மாதேவி அதற்குள் சுவரைத் துடைத்து, சீனப் பீங்கான் தட்டுகளைக் கழுவிக் காயவைத்து, எந்தத் தட்டு எந்தத் தட்டுக்கு முன்னால் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தார். பிரேமிளாவைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிடுவதாகவும் எண்ணம். நஸீபும் லொறிக்காரரும் அதைத் தூக்கி வந்து வெளிர் நிறச் சுவரோரம் வைத்தார்கள். அலுமாரி ஒருபக்கம் சாய்ந்தது.

மஸீனா சீலையை உருவினாள்.

சொக்லட். மேலிருந்து கீழ்வரை, உள்ளும் புறமும், பித்தளை இருந்த இடத்தில் பழைய துருப்பிடித்த கைப்பிடியோடு, தடித்த, மரத்தோடு கோபம் கொண்ட ஒருவர் அடித்த மாதிரியான சொக்லட்.

"பிள்ளை…" பத்மாதேவி கிட்டப் போய்ப் பார்த்தார். "என்ன பிள்ளை இது?"

"குடுத்த மாதிரியே செஞ்சீக்கிறேன் மெடம்!" மஸீனா பெருமையோடு தன் போனைக் காட்டினாள். "நீங்க முதல்ல போட்ட படத்தப் பாத்துப் பாத்துத்தான் அடிச்சன். இந்த மூலையில வழிஞ்சு கட்டியா நிண்டிச்சே, அதையும் வழிய விட்டேன். இவரு கால்ல ஒட்டின துண்டையும் கழட்டிட்டாரு. கதவையும் பாருங்கோ." கதவைத் திறந்து விட்டாள். அது மூட மனமில்லாமல் தொங்கியது. "இதுதான் மெடம் கஷ்டமா போச்சு. நல்லா வேலை செய்யிற கதவ கெடுக்குறது லேசில்ல."

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? நான் கேட்டனானோ?"

"எவ்வித மாற்றமுமின்றி எண்டு நீங்கதானே எழுதீக்கிறீங்க?"

பத்மாதேவி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொல்லும் பாடசாலை அதிபர்கள் எத்தனை பேரை ஒரு பார்வையில் கண்டுபிடித்தவர். மஸீனாவின் முகத்தில் கள்ளம் ஒன்றும் தெரியவில்லை. கள்ளம் இல்லை என்பதற்கான அத்தாட்சியும் தெரியவில்லை.

"ஆ, மறந்தே போனேன்." மஸீனா கைப்பையைத் திறந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்தாள். நாலாக மடித்தது. பழையது. "இதையும் வீசாம வச்சீந்தன் மெடம்."

விவேகானந்தன் அதை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, காலுக்குக் கீழே வைத்தார். அலுமாரி நேராக நின்றது. அவர் நிமிர்ந்தபோது அவருடைய உதடுகள் மிகுந்த பிரயாசையோடு மூடியிருந்தன.

"அப்ப நாங்க வாறோம் மெடம். பெயின்ட் இன்னும் சரியாக் காயல்ல, தொட்டுறாதீங்கோ." வாசற்படியில் நின்று திரும்பினாள். "படம் போட மறந்துறாதீங்கோ என்ன? அஞ்சாம் விதி."

லொறி போனது. பத்மாதேவி தொட்டார். விரல் ஒட்டி, சொக்லட் நிறத்தில் வந்தது. விரல் பட்ட இடத்தில்கூடப் பலா தெரியவில்லை. உள்ளே இருக்கிறது என்று தெரியும். தெரிந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இனி வேலை.

போன் சிணுங்கியது. குழுவில் பிரேமிளா எழுதியிருந்தார்: 'பாவம் மஸீனா, சுவர் வெறிச்சோடிப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். எங்க பழைய அலுமாரிய அவங்களுக்கே தந்துட்டேன். அவங்க கையில என்ன ஆகுதுன்னு பாப்போம்!' கூடவே ஒரு படம். பாசி பிடித்த மாதிரிப் பச்சைப் பெயின்ட் அடித்த, ஒரு கண்ணாடி உடைந்த, கேவலமான ஒரு அலுமாரி. அதற்குள்ளேயே இதயங்கள் விழத் தொடங்கியிருந்தன.

பத்மாதேவி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். திரையில் சொக்லட் தீற்றல் விழுந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு இன்னும் பெரிதாக்கினார். ஒரு மூலையில் பச்சை கொஞ்சம் உரிந்திருந்தது. போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இஞ்சேருங்கோ!"

விவேகானந்தன் இருப்பதற்கு வேறு சாய்கதிரை இல்லாததால் வாசற்படியில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, கெதியா வாங்கோ. இந்தப் பச்சைக்குக் கீழை என்ன மரமாயிருக்கும்?"